டீச்சரிடம் கேளுங்கள்: இது ஏன் இந்தக் குவியலில்?

போன இதழில், சிறு குழந்தைகள் பொருட்களைப் பிரித்து ரகம் ரகமாகச் சேர்த்து விளையாடுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "என் குழந்தை தப்பாகப் பிரிக்கிறது." எனவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

மழலையர் வகுப்பில் பல வருடம் தரையில் உட்கார்ந்து குழந்தைகளோடு இந்த விளையாட்டை ஆடியவள் நான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை வைத்த இடம் சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், "இதை ஏன் இங்கே வச்சே?" என்று கேளுங்கள். என் வகுப்பில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு சாவி, ஒரு கரண்டி, ஒரு டப்பா மூடி மூன்றையும் ஒரு குவியலாகவும், ஒரு கைக்குட்டை, ஒரு பஞ்சு உருண்டை, ஒரு இறகு மூன்றையும் இன்னொரு குவியலாகவும் வைத்தாள். நான் உலோகம், உலோகமல்லாதது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டபோது ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டுக் காட்டினாள். "இதெல்லாம் கத்தும். இதெல்லாம் கத்தாது." ஒலியை வைத்துப் பிரித்திருக்கிறாள்! கேட்காமல் பாராட்டியிருந்தால் அவள் மனதில் இருந்த விதி எனக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

"என் மகளுக்கு இரண்டரை வயது. நிறம் பிரிக்கும் விளையாட்டுச் செட் ஒன்று வாங்கினோம். நாலு நிறத்தில் கிண்ணங்கள், அதே நிறங்களில் குட்டிக் கரடிகள். சிவப்புக் கரடியைச் சிவப்புக் கிண்ணத்தில் போடு என்று எத்தனை தடவை செய்து காட்டினாலும் கேட்பதில்லை. கரடிகளை வரிசையாக நிற்க வைக்கிறாள், கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை இதே வயதில் டக் டக்கென்று பிரிக்கிறது. இவள் பின்தங்கி இருக்கிறாளா?" – இரண்டரை வயது மகளின் அம்மா

இல்லை அம்மா. இந்த வயதில் ஒரு குழந்தை நிறம் பிரிப்பதும் இன்னொரு குழந்தை பிரிக்காமல் இருப்பதும் சர்வ சாதாரணம்.

பிரித்தறியும் புத்தி கிண்ணத்தில் போடும்போது தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தையின் முன்னால் நாலு பந்தையும் நாலு கரண்டியையும் கலந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதன் கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். பல குழந்தைகள் ஒரு பந்தைத் தொடும், அடுத்து இன்னொரு பந்தைத் தொடும், அப்புறம் மற்றொன்று. அதன் பிறகே கரண்டிப் பக்கம் கை போகும். குவியல் எதுவும் உருவாகியிருக்காது, ஆனால் கை பிரித்துவிட்டது. பேச்சு வராத குழந்தை எதை எதோடு சேர்த்துப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க, ஆய்வாளர்கள் இப்படித் தொடும் வரிசையைத்தான் குறித்து வைக்கிறார்கள்.

உங்கள் மகளின் வரிசையையும் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கச் சொல்வேன். ஜெனீவாவில் உளவியலாளர்கள் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் பல வடிவங்களிலும் நிறங்களிலும் இருந்த கட்டைகளைக் குழந்தைகளிடம் கொடுத்து, "ஒன்றோடு ஒன்று சேர்கிறதையெல்லாம் சேர்த்து வை" என்றார்கள். அந்த வேலை 1959-ல் பிரெஞ்சில் நூலாக வந்தது. சின்னக் குழந்தைகள் குவியல் வைக்கவில்லை. நீளமாக வரிசை வைத்தார்கள், வீடு கட்டினார்கள், ரயில் விட்டார்கள். அந்த வரிசையை உற்றுப் பார்த்தால் ஒரு சங்கதி தெரியும். சிவப்புச் சதுரம், பக்கத்தில் சிவப்பு வட்டம், அதற்குப் பக்கத்தில் நீல வட்டம், அடுத்து நீல முக்கோணம். முதல் இரண்டும் நிறத்தால் சேர்ந்தன, இரண்டாவதும் மூன்றாவதும் வடிவத்தால், கடைசி இரண்டும் மறுபடி நிறத்தால். ஒவ்வொரு அடியிலும் காரணம் இருக்கிறது. முதலில் எடுத்த காரணத்தைக் கடைசி வரை பிடித்து வைத்திருக்க மட்டும் முடியவில்லை. அந்தப் பிடிப்பு வயதோடு வரும்.

இப்போது என்ன செய்யலாம்? நாலு கிண்ணத்தில் இரண்டை உள்ளே எடுத்து வையுங்கள். நாலு நிறம் அதிகம். சொல்லப்போனால் நிறத்திலேயே தொடங்க வேண்டாம். ஒரே வடிவம், ஒரே அளவு, ஒரே அச்சில் வார்த்த கரடிகளில் நிறம் ஒன்றுதான் வித்தியாசம். குழந்தைக்கு அது பெரிய வித்தியாசமாகத் தோன்றுவதில்லை, அதற்குக் கரடி என்றால் கரடிதான். காலுறையும் கரண்டியும், பந்தும் துணியும் என்று பார்த்தவுடன் வேறுபாடு தெரிகிற இரண்டு வகைகளைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடம் எதுவும் கேட்காமல், நீங்களே உங்கள் பாட்டுக்குப் பிரியுங்கள். "இதோ இன்னொரு பந்து... இது பந்து பக்கம்." சில நிமிடத்தில் ஒரு பந்தைக் கொண்டுவந்து உங்கள் குவியலில் போடுவாள். போடாவிட்டாலும் விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

நிறத்துக்கு வரும்போது ஒரு படிவரிசை உண்டு. "இது மாதிரியே இன்னொன்று கொடு" என்பது எளிது. "சிவப்பு எது, எடு" என்பது அதைவிடக் கஷ்டம். ஒன்றைக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்பது மூன்றிலும் கஷ்டம். வீட்டில் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம். பெயர் தெரியாவிட்டால் குழந்தைக்கு நிறமே தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் படியிலேயே வேண்டிய மட்டும் விளையாடுங்கள்.

வரிசையில் நிற்கும் கரடிகளை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். "ரயிலா இது? அடுத்த பெட்டி யாரு?" என்று கேட்டு நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். கிண்ணம் தலையில் இருந்தால் இருக்கட்டும். கரடிகள் எவ்வளவு சின்னவை என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே ஒரு பாட்டிக்கு எழுதியிருக்கிறேன்.

"மகனுக்கு மூன்றரை வயது. அட்டைகளை நிறப்படி அழகாகப் பிரிக்கிறான். உடனே 'இப்போ வடிவப்படி பிரி' என்றால் மறுபடியும் நிறப்படியே பிரிக்கிறான். 'வட்டம் எங்கே போகும்?' என்றால் சரியான பெட்டியைக் காட்டுகிறான். ஆனால் வட்டத்தை எடுத்து வேறு பெட்டியில் போடுகிறான்! வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிடுகிறது." – ஒரு அப்பா

கோபப்படாதீர்கள் ஐயா. நீங்கள் எழுதியிருப்பது உளவியல் ஆய்வுக்கூடங்களில் பல வருடமாகப் பார்த்து வரும் விஷயம். 1990-களில் பிலிப் செலாசோவும் அவருடைய சகாக்களும் இதற்கென்றே ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கினார்கள். ஒரு பெட்டியில் சிவப்பு முயல் படம், இன்னொன்றில் நீலப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையில் நீல முயல்களும் சிவப்புப் படகுகளும் கலந்த சீட்டுகள். முதலில் நிற ஆட்டம். மூன்று வயதுக் குழந்தை பிழையில்லாமல் ஆடும். இப்போது வடிவ ஆட்டம் என்று மாற்றினால், முக்கால்வாசிப் பேர் நிறத்திலேயே நின்றுவிடுவார்கள். "முயல் எங்கே போகும்?" என்று கேட்டால் உங்கள் மகனைப் போலவே சரியான பெட்டியைக் காட்டுவார்கள், கை மட்டும் பழைய பெட்டிக்கே போகும். நாலு, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இந்த மாற்றத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

புது விதி அவனுக்குத் தெரியும். பழைய விதியை அடக்கி வைக்கத்தான் இன்னும் பலம் வரவில்லை. அந்தப் பலம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியோடு சேர்ந்து மெதுவாக வளர்வது. அதட்டினால் சீக்கிரம் வராது.

ஆனால் வழியை எளிதாக்கலாம். ஒரு ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் வாரி எடுத்து உள்ளே வையுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், கொஞ்சம் ஓடிவிட்டு வரட்டும். வடிவ ஆட்டத்துக்கு வேறு பெட்டிகள், முடிந்தால் வேறு இடம். ஏற்கெனவே பிரித்த சீட்டுகள் முகம் மேலே தெரியும்படி கிடந்தால் மாறுவது இன்னும் கஷ்டமாகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் போட்ட சீட்டைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். அடுத்தது இன்னும் முக்கியம்: ஒவ்வொரு சீட்டையும் போடுவதற்கு முன்னால் அது என்ன என்று அவனையே சொல்ல வையுங்கள். "இது வட்டம்" என்று நீங்கள் சொல்வதைவிட அவன் வாயால் சொல்வது அவன் கவனத்தை வடிவத்தின் பக்கம் திருப்பும்.

சீட்டுகளை நீங்களே செய்வதாக இருந்தால் இன்னொரு உத்தி உண்டு. படத்துக்கு நிறம் தீட்டாமல் கறுப்புக் கோட்டில் வரைந்து, பின்னணிக்கு மட்டும் நிறம் கொடுங்கள். நிறமும் வடிவமும் ஒரே உருவத்தில் ஒட்டியிராமல் தனித்தனியாக நின்றால், மூன்று வயதுக் குழந்தைகளே நன்றாக மாறிக்கொள்கிறார்கள்.

இதைத் தினமும் பரீட்சை மாதிரி வைக்க வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள், அவன் கேட்கும்போது, போதும்.

"மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது, பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விலை கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்க எனக்குப் பிடிக்காது. வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?" – ஒரு பாட்டி

உங்கள் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன் அம்மா. இந்த விளையாட்டுக்கு வீட்டுச் சாமானை விட நல்லது கடையில் கிடையாது. கடைச் செட்டில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை, ஒரே வழவழப்பு. வீட்டுச் சாமானில் கனம் உண்டு, குளிர்ச்சி உண்டு, வாசனை உண்டு, சத்தம் உண்டு. பிரிப்பதற்கு ஆயிரம் காரணம் கிடைக்கும்.

டப்பாக்களில் தொடங்குங்கள். நாலைந்து டப்பா, அவற்றின் மூடிகள், எல்லாம் கலந்து தரையில். குழந்தை ஒரு பெரிய மூடியைச் சின்ன டப்பாவில் வைத்து அழுத்தும். உள்ளே போகாது. திருப்பி வைத்து அழுத்தும். உங்கள் கை பரபரக்கும், "அது இல்லடா கண்ணா, இது" என்று எடுத்துக் கொடுக்கத் தோன்றும். தயவு செய்து கொடுக்காதீர்கள். அவன் அந்த மூடியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும் அந்த நேரத்தில்தான் கண்ணால் அளக்கக் கற்றுக்கொள்கிறான். ஒரு சில வாரத்தில் பாருங்கள், பொருத்திப் பார்ப்பதற்கு முன்பே ஒரு மூடியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பான்.

அடுத்து, துவைத்துக் காய்ந்த துணி. காலுறைகள் இருந்தால் ரொம்ப நல்லது. முதலில் ஜோடி சேர்ப்பது. இரண்டு வயது தாண்டியதும் "இது யாருடையது?" என்று ஆள்வாரியாகப் பிரிப்பது: அப்பாவுடையது, அம்மாவுடையது, பாப்பாவுடையது. நிறத்தை விட இது குழந்தைக்குச் சீக்கிரம் புரியும், ஏனென்றால் அதற்குத் தெரிந்த உலகம் ஆட்களால் ஆனது. அப்புறம் பெரிசு, சிறிசு. மூன்று வயதை நெருங்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துச் சொரசொரப்பு, வழவழப்பு என்று பிரிக்கலாம். 1907-ல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி இந்தத் தொடு விளையாட்டுக்குப் பெரிய இடம் கொடுத்திருந்தார். துணி வகைகளையே விரலால் தடவி ஜோடி சேர்க்க வைத்தார்.

எடுத்து வைக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற குழந்தைக் கல்வியாளர் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்காக டப்பா, வளையம், சங்கிலி, துணித் துண்டு என்று சாதாரணப் பொருட்களைக் குவித்துக் கொடுக்கும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். அதில் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பை. பெரியவர் பையை விரித்துப் பிடிப்பார், குழந்தைகள் தேடித் தேடிக் கொண்டுவந்து போடுவார்கள். பிரிப்பது வேறு, அடுக்குவது வேறு என்று இல்லாமல் இரண்டும் ஒரே ஆட்டமாகிவிடுகிறது. நீங்கள் பையைப் பிடியுங்கள், அவன் ஓடட்டும்.

இனி கண்டிப்பான பேச்சு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகம் இருக்கிறதா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்கிவிடுவது ஆபத்து. வீட்டில் அதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்டி அட்டையில் 4 சென்டிமீட்டர் வட்ட ஓட்டை வெட்டி வையுங்கள். அதில் விழுகிற எதுவும், பொத்தானோ மணியோ கோலிக்குண்டோ, பேரன் கைக்கு வேண்டாம். பல குழந்தைகள் மூன்று வயது ஆன பிறகும் வாயில் போடும். அப்படிப்பட்டவர்களுக்கு வயதைப் பார்க்காமல் பழக்கத்தைப் பாருங்கள்.

இரண்டு பொருட்கள் வீட்டில் எந்தக் குவியலிலும் வரக்கூடாது. ஒன்று, கைக்கடிகாரம், ரிமோட் போன்றவற்றில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி. அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டாவது, சின்னச் சின்ன வலுவான காந்தங்கள். ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். ஆட்டம் முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள், ஃபோன் வந்தாலும் எழுந்து போகாதீர்கள்.

"மூன்று வயது மகன் கார் பொம்மைகளை எப்போதும் அளவுவாரியாக வரிசையில் வைக்கிறான். யாராவது கலைத்தால் கத்துகிறான். இணையத்தில் படித்ததும் ஆட்டிசமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது." – ஒரு அம்மா

வரிசையாக அடுக்குவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வயதில் நிறையக் குழந்தைகள் அடுக்குவார்கள். அடுக்கியதைக் கலைத்தால் கத்துவார்கள். அளவுவாரியாக அடுக்குகிறான் என்றால் உங்கள் மகன் பெரிசு, அதைவிடப் பெரிசு என்று ஒப்பிடுகிறான், அது நல்ல வேலை.

பார்க்க வேண்டியது காருக்கு வெளியே. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? தான் பார்த்து ரசித்ததை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா? பேச்சு வயதுக்கேற்றபடி வளர்கிறதா, வந்த பேச்சு நின்றுபோனதா? கார் ஓட்டுவது மாதிரி, ஃபோன் பேசுவது மாதிரி பாவனை விளையாட்டு ஆடுகிறானா? இவற்றில் எதிலாவது உறுத்தல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் தொடங்கும் உதவியால் குழந்தைக்கு நன்மைதான். எதிலும் உறுத்தல் இல்லையென்றால், அவனுடைய வரிசைக்கு ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுத்து, பெருக்குவதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டுப் பெருக்குங்கள்.

"டேப்லெட்டில் இழுத்துப் போடும் விளையாட்டு இருக்கிறதே, அது போதாதா?" – இரட்டைக் குழந்தைகளின் அப்பா

போதாது. திரையில் ஆப்பிளும் யானையும் ஒரே கனம், ஒரே தொடுகை. அதைவிடப் பெரிய குறை, விதியைத் திரையே வைத்துவிடுகிறது. தப்பான கூடையில் போட்டால் "ங்ங்" என்று ஒரு சத்தம், படம் திரும்பி வந்துவிடும். என் வகுப்புச் சிறுமியின் "கத்தும், கத்தாது" குவியலை எந்தத் திரை ஏற்றுக்கொள்ளும்? உங்களுக்கு இரட்டையர் வேறு. ஒருவன் பிரித்ததை இன்னொருவன் "இல்லை, இது இங்கே" என்று மாற்றும்போது நடக்கும் சண்டையில், இரண்டு பேரும் காரணம் சொல்லிப் பேசியாக வேண்டுமே! அதை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

"ஐந்து வயது மகன் வடிவம், அளவு எல்லாம் சரியாகப் பிரிக்கிறான். நிறம் மட்டும் குழப்பம். பச்சையையும் பழுப்பையும், சில சமயம் சிவப்பையும் ஒன்றாகப் போடுகிறான். கவனக்குறைவு என்று பள்ளியில் திட்டுகிறார்கள்." – ஒரு அம்மா

திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இது கவனக்குறைவாக இருக்க வாய்ப்புக் குறைவு. மற்ற எல்லாவற்றையும் சரியாகப் பிரிப்பவன் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கலக்கிறான் என்றால், அவன் கண்ணுக்கு அவை ஒரே மாதிரி தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிவப்பு, பச்சை நிறக் குறைபாடு பிறவியிலேயே வருவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுகிறது. மற்ற இடங்களில் இந்த விகிதம் கொஞ்சம் குறையலாம், ஆனால் அரிதல்ல. கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எண் படிக்கத் தெரியாத குழந்தைக்குப் புள்ளிகளுக்குள் வட்டம், சதுரம் போன்ற வடிவங்கள் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டிச் சோதிப்பார்கள். வலி கிடையாது, சில நிமிட வேலை.

குறைபாடு இருப்பது உறுதியானால் பள்ளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்ணப் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டலாம். பிரிக்கும் விளையாட்டில் நிறத்துக்குப் பதில் கோடு, புள்ளி, கட்டம் என்று வடிவமைப்பைப் பயன்படுத்தலாம். அவனுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை என்பதை அவன் காது கேட்கச் சொல்லுங்கள். திட்டு வாங்கிய குழந்தைக்கு அது கேட்டாக வேண்டும்.

"மகளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. நிறம், வடிவம், அளவு எல்லாம் அலுத்துவிட்டது என்கிறாள். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?" – ஒரு அப்பா

நல்ல ஆட்டமெல்லாம் இனிமேல்தான் இருக்கிறது.

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் சோல்டான் டீன்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த தர்க்கக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 4 வடிவம், 3 நிறம், 2 அளவு, 2 தடிமன். பெருக்கினால் 48 கட்டைகள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வாங்க வேண்டியதில்லை. தடிமனை விட்டுவிட்டு 24 அட்டைகள் வெட்டினால் போதும், ஒரு மாலைப் பொழுதில் மகளோடு சேர்ந்தே வெட்டிவிடலாம். அவற்றை வைத்து ரயில் விடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த பெட்டி முந்தைய பெட்டியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாற வேண்டும். பெரிய சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் சின்னச் சிவப்பு வட்டம் வரலாம், பெரிய நீல வட்டம் வரலாம். சின்ன நீல வட்டம் வரக்கூடாது, ஏனென்றால் இரண்டு மாறிவிட்டன. நன்றாகப் பழகிய பிறகு இரண்டு விஷயம் மாறும் ரயில் விடுங்கள். பெரியவர்களே யோசித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கயிற்று வளையம். தரையில் கயிற்றால் இரண்டு பெரிய வட்டம் போடுங்கள். ஒன்று சிவப்புக்கு, ஒன்று வட்ட வடிவத்துக்கு. எல்லாம் சுமுகமாகப் போகும், சிவப்பு வட்டம் கைக்கு வரும் வரை. நான் வகுப்பில் அந்தக் கட்டம் வரும்போது வாயைத் திறக்கவே மாட்டேன். ஒரு பையன் அந்த அட்டையை இரண்டு கயிற்றுக்கும் நடுவில், கோட்டின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். இன்னொருத்தி, "ரெண்டு பண்ணிடலாம் டீச்சர்" என்று கத்தரிக்கோல் கேட்டாள். கடைசியில் ஒரு குழந்தை கயிற்றையே இழுத்து ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவிட்டது, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் கிடைத்தது. 1880-ல் ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் ஜான் வென் இந்த வட்டப் படங்களைத் தர்க்கத்துக்குப் பயன்படுத்தி எழுதினார். உயர் வகுப்புகளில் கணங்கள் பாடத்தில் உங்கள் மகள் அதே படத்தைச் சந்திப்பாள். அதனால் வழி சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், கயிறு இறுக்கிக் கட்டாமல் இளக்கமாக இருக்கட்டும்.

ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பத்து மர மணிகள் வையுங்கள், எட்டு பழுப்பு, இரண்டு வெள்ளை. எல்லாமே மரம்தான் என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், "பழுப்பு மணி அதிகமா, மர மணி அதிகமா?" என்று கேளுங்கள். ஆறு வயதில் பல குழந்தைகள் யோசிக்காமல் "பழுப்பு" என்பார்கள். முழுக் கூட்டத்தையும் அதில் ஒரு பகுதியையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்து ஒப்பிடுவது ஏழு, எட்டு வயதில்தான் பலருக்குப் பிடிபடும். பியாஜே இந்தக் கேள்வியைத்தான் கேட்டுப் பார்த்தார். உங்கள் மகளும் "பழுப்பு" என்றால் திருத்த வேண்டாம். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுவிட்டு மணிகளை எடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள்.

அலுப்புக்கு மருந்தாக ஒன்று: விதியை அவள் வைக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். வீட்டுச் சாமான் பத்துப் பதினைந்தை அவள் இரண்டாகப் பிரிப்பாள், காரணத்தைச் சொல்ல மாட்டாள். நீங்கள் ஒரு பொருளை எடுத்து, "இது இந்தப் பக்கமா?" என்று வைத்துக் கேட்க வேண்டும். அவள் ஆமாம், இல்லை மட்டும் சொல்வாள். நடுவில் அவள் தன் விதியைத் தானே மறந்து மாற்றிவிட்டால், "கொஞ்சம் முன்னாடி கரண்டி அந்தப் பக்கம்தானே போச்சு?" என்று எடுத்துக் காட்டுங்கள், விதியைச் சரிசெய்வது அவள் பாடு. எடுத்தவுடன் பெரிய சாமான்களாக வேண்டாம், மேசை மேல் கொள்கிற அளவில் எட்டுப் பொருட்களோடு தொடங்குங்கள்.